நடு வகிடு படுத்துற பாடு

மார்ச் 4, புதன்

இன்னைக்கு சலூன்ல முடி வெட்ட வந்த ஒரு தம்பி போன்ல போட்டோ காட்டினான், நடு வகிடு எடுத்து ரெண்டு பக்கமும் வில்லா வளைஞ்சு கன்னத்துல வந்து விழுமே அந்த கட்டிங். ஈஸிதான்னு நெனச்சு தலைல தண்ணி தெளிச்சு, மூக்குக்கு நேரா சீப்பால கோடு போட்டு, இடது பக்கம் வெட்டிட்டு அதே அளவ வச்சு வலது பக்கமும் வெட்டினேன். ஈரத்துல பாத்தா அச்சுல வார்த்த மாதிரி இருந்துச்சு. டிரையர் போட்டதும் மானம் போச்சு. இடது பக்கம் ஒழுங்கா விழுது, வலது பக்கம் நெத்தி மேல எகிறிட்டு நிக்குது, பாக்க ஒன்றரை செ.மீ. குட்டையா தெரியுது. அவன் கண்ணாடிய கொஞ்ச நேரம் பாத்துட்டு "பரவால்லண்ணா"ன்னான். திட்டியிருந்தா கூட தேவலாம்.

மார்ச் 5, வியாழன்

மாஸ்டர்கிட்ட சொன்னேன். "முன்னாடி சுழி இருந்துச்சா, பாத்தியாடா?" அவ்ளோதான் கேட்டாரு. எங்க பாத்தேன். உச்சிச் சுழி எல்லாருக்கும் தெரியும், நெத்தி ஓரத்துல ஒளிஞ்சிருக்குற சின்ன சுழியதான் விட்டுடுறோம். அந்த எடத்துல வேரே சாஞ்சு மொளைக்குது, ஈரம் இருக்குறவரைக்கும் தண்ணி கனத்துல அமுங்கிக் கெடக்கும், காஞ்சா எழுந்திரிச்சிடும். அதுபோக ஈர முடி இழுபடும், சீப்புல இழுத்துப் புடிச்சு வெட்டினா காஞ்சப்புறம் நெனச்சத விட மேல ஏறி நிக்கும், சுருள் முடின்னா கேக்கவே வேணாம். அதனால சுழி இருக்குற பக்கம் ஈரத்துல கொஞ்சம் நீளமாவே விட்டுட்டு, காஞ்சதும்தான் கணக்க முடிக்கணுமாம்.

வகிடு கண்டுபிடிக்க ஒரு வழி காட்டினாரு. ஈர முடி மொத்தத்தையும் பின்னாடி வாரிட்டு, உச்சில உள்ளங்கைய வச்சு லேசா முன்னாடி தள்ளணும். தானா ஒரு எடத்துல பொளக்கும், அதான் அந்த தலையோட வகிடு. நட்ட நடுவுலேர்ந்து ஒரு விரல் தள்ளி இருந்தாலும் அங்கயே எடுத்துடு, மல்லுக்கட்டாதன்னாரு. அப்புறம் கோட்ட உச்சிச் சுழி வரைக்கும் இழுக்கக் கூடாது, ரெண்டு மூணு விரல் முன்னாடியே நிறுத்தணும், இல்லன்னா பின்னால ரோடு போட்ட மாதிரி மண்டை தெரியும்.

மார்ச் 7, சனி

கூட்டம். உக்காரக்கூட நேரமில்ல. சைடு பத்தி மட்டும் எழுதிட்டு தூங்குறேன். நடு வகிடு கேக்குற பாதி பேரு சைடுல மெஷின்ல ஒன்னாம் நம்பர் சீப்பு மாட்டி போடச் சொல்றாங்க, அதாவது 3 மி.மீ. நீளம். போடலாம், ஆனா காது ஓரத்தோட நிக்கணும். மண்டை வளைஞ்சு திரும்புற மேடு வரைக்கும் மெஷின ஏத்திட்டா மேல இருக்குற முடிக்கு கீழ தாங்க ஒன்னுமே இருக்காது, ரெண்டு பக்கமும் குடைய விரிச்ச மாதிரி தொங்கும். நான் கீழ 6 மி.மீ. வச்சு ஆரம்பிச்சு மேல போகப் போக சீப்பால தூக்கி கத்தரியால வெட்டுறதுக்கு மாறிடுறேன், அந்த மேட்டுல மட்டும் கனம் விடுறேன். ஷேப்ப புடிச்சு நிறுத்துறதே அந்த கனம்தான்.

மார்ச் 11, புதன்

டம்மி தலைல ராத்திரி ரெண்டு மணி நேரம். இத்தன நாளா எங்க தப்பு பண்ணேன்னு இன்னைக்குதான் புரிஞ்சுது, அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

நான் ஒவ்வொரு கத்தையையும் அது மொளைச்ச எடத்துலயே நேரா தூக்கி வெட்டிட்டு இருந்தேன். அப்படி வெட்டினா எல்லாம் ஒரே நீளம், விட்டதும் சட்டி கவுத்த மாதிரி உருண்டையா விழும், வளைவு எங்கேர்ந்து வரும்? செய்ய வேண்டியது என்னன்னா, வகிட்டுக்குப் பக்கத்துல மெல்லிசா ஒரு கத்தை எடுத்து மூக்குக்கு நேரா முன்னாடி கொண்டு வந்து மூக்கு நுனி அளவுல வெட்டணும், அதுதான் கைடு, மத்த கத்தைக்கெல்லாம் அளவு. அடுத்த கத்தை காதுப் பக்கமா தள்ளி இருந்தாலும் அதையும் மூக்குக்கு நேராவே இழுத்துட்டு வந்து அதே கைடுல வெட்டணும், அதுக்கடுத்ததும் அப்படித்தான். தூரத்துலேர்ந்து வர்ற முடி அதிக வழி கடந்து வருதுல்ல, அதனால விட்டதும் அது நீளமா நிக்கும், நடுவுல குட்டை, ஓரம் போகப் போக நீளம், தானா கன்னத்துல சரிவா இறங்கும். தூக்குற உயரமும் முக்கியம், ரொம்ப தூக்கினா கனம் போயிடும், முன்னாடி தாழ்த்திப் புடிச்சாதான் ஓரம் கெட்டியா நிக்கும்.

இன்னொன்னு, உக்காந்திருக்குறவரு கால் மேல கால் போட்டிருந்தா தோள் சாயும், தலையும் சாயும், நாம என்னதான் அளந்தாலும் கோணல்தான். போன் பாக்குறதும் அதே கதை.

மார்ச் 12, வியாழன்

விரல்ல கத்தரி பட்டுடுச்சு. லீவு.

மார்ச் 15, ஞாயிறு

நுனி வேலை. தடிச்ச முடின்னா உடனே அடர்த்தி குறைக்குற பல்லு வச்ச தின்னிங் கத்தரிய எடுத்து வேர்கிட்ட கடிக்க விடுற ஆளுங்கள பாத்தா எனக்கு ஆகாது. வேர்கிட்ட குட்டை முடி நின்னு மேல இருக்குறத தூக்கிவிடும், ரெண்டு வாரத்துல வகிடு ஓரமெல்லாம் முள்ளு முள்ளா நிக்கும். கத்தரி முனைய நட்டக்குத்தலா விட்டு நுனில மட்டும் கொத்தி எடுத்தாலே போதும், அதுவும் காஞ்ச முடில, எங்க கனமா நிக்குதுன்னு கண்ணால பாத்துட்டு.

மார்ச் 19, வியாழன்

டிரையர். வகிட எடுத்துட்டு காய வைக்கிறது பெரிய தப்பு, வேரு அப்படியே படுத்துக்கும். மொத வேர இடமும் வலமுமா மாத்தி மாத்தித் தள்ளி முக்காவாசி காய வைக்கணும், சுழியோட முரண்டு இதுலயே பாதி அடங்கிடும். அப்புறம் எல்லாத்தையும் முன்னாடி வாரி, சீப்பு வாலால வகிட பொளந்து, உருண்டை பிரஷ்ல நுனிய முகத்த விட்டு வெளிய திருப்பணும். திருப்பின சூட்டோட விட்டுடாம குளிர்காத்து பட்டனையும் அமுக்கணும், ஆறும்போதுதான் முடி அந்த வளைவ புடிச்சுக்கும். கடைசில பட்டாணி அளவு மேட் கிளே, அதான் பளபளப்பு இல்லாத ஸ்டைலிங் பேஸ்ட், பின்னாடிலேர்ந்து ஆரம்பிச்சு கைல மிச்சம் இருக்குறதுதான் முன்னாடிக்கு. ஜெல் போட்டா ஒட்டிப் படுத்துக்கும், செஞ்ச வேலையெல்லாம் வீண்.

ஏப்ரல் 9, வியாழன்

அந்த தம்பி வந்தான்! வேற கடைக்குப் போயிருப்பான்னுதான் நெனச்சேன். ஒரு மாசத்துல ஒரு செ.மீ. சொச்சம் வளந்திருந்துச்சு. இந்த தடவ மொதல்ல காய வச்சே பாத்தேன், வலது சுழிய தொடவே இல்ல, இடது பக்கத்த மட்டும் கைடுக்கு இழுத்து நுனி எடுத்தேன், வகிட அரை விரல் இடது பக்கம் தள்ளினேன், அங்கதான் அது பொளந்துச்சு. வலது பக்கம் இன்னும் லேசா தூக்குது, அடுத்த மாசம் வந்தா சரியாயிடும்னு சொன்னேன். தலைய ஆட்டிப் பாத்துட்டு சிரிச்சான். கிருதா மட்டும் ஒரு பக்கம் இறங்கிடுச்சோன்னு இப்ப எழுதும்போதுதான் தோணுது.