மார்கழிச் சளியும் கத்தரித்த மாத்திரைகளும்

18 டிசம்பர் 2025, வியாழன்

கர்ப்பத்தின் 27-வது வாரம். காலையிலிருந்தே தொண்டை கரகரப்பு, மூக்கடைப்பு, உடம்பு வலி. இவர் தெருமுனை மருந்துக் கடையில் "சளி, உடம்பு வலி" என்றதும் ஒரு செட் மாத்திரை கட்டிக் கொடுத்துவிட்டார்கள். யாருக்கு என்று கேட்கவே இல்லையாம்.

காகித உறையைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு மாத்திரையும் அட்டையிலிருந்து தனியாகக் கத்தரித்தது. ஒன்றில் பெயரின் கடைசி எழுத்துகள் மட்டும் மிச்சம். இன்னொன்றில் காலாவதித் தேதி இருந்த பகுதியே இல்லை. என்னவென்று தெரியாததை வயிற்றில் பிள்ளையோடு எப்படி விழுங்குவது? அத்தை சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துத் தந்தார். இன்றைக்கு அது போதும்.

19 டிசம்பர், வெள்ளி

உறையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். மருத்துவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்தார். வலிக்கு என்று கொடுத்தது அசெக்ளோஃபெனாக். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் அதே குடும்பம். 20 வாரத்துக்குப் பிறகு இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான் என்பதால், அந்த நீரும் வற்றிப்போகலாம். பிறந்த பிறகு மூடவேண்டிய, இதயத்துக்கு அருகிலுள்ள ஒரு ரத்தக்குழாய், கடைசி மாதங்களில் இம்மருந்துகளால் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 அக்டோபரிலேயே இதை எச்சரித்திருக்கிறது. நம் ஊரில் இன்னமும் பொட்டலம் கட்டுகிறார்கள். எனக்குக் கோபம் அடங்கவில்லை.

சளி மாத்திரையில் பாராசிட்டமால், தும்மலுக்கான குளோர்பெனிரமைன், மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின் மூன்றும் கலந்திருந்தன. கடைசியில் சொன்னது ரத்தக்குழாய்களைச் சுருக்குவது. இதோடு காய்ச்சல் மாத்திரையையும் போட்டால் பாராசிட்டமால் இரட்டிப்பாகிவிடும். காய்ச்சல் வந்தால் தனி பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், தேவைப்பட்டால் மட்டும். இரண்டு நாளில் விடாவிட்டால் உடனே வரச்சொன்னார்.

21 டிசம்பர், ஞாயிறு

இரவு 101 டிகிரி. ஒரு பாராசிட்டமால் போட்டேன், வியர்த்துக் குறைந்தது. மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து.

அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா அழைத்தாள். "அந்த மாத்திரையால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் என்கிறார்களே, போடாதே" என்று பதறினாள். செப்டம்பரில் பாராசிட்டமாலைப் பற்றி அமெரிக்க அதிபர் சொன்னது அவள் காதுவரை வந்திருக்கிறது. சுவீடனில் 24 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளை ஆராய்ந்து, உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டும் பார்த்து, அப்படித் தொடர்பு இல்லை என்று 2024-இல் வெளியிட்டிருப்பதைச் சொன்னேன். "காய்ச்சலை அப்படியே விடுவதுதான் அம்மா குழந்தைக்கு ஆகாது" என்றதும் கொஞ்சம் அமைதியானாள். தேவைக்கு மேல் ஒன்றும் விழுங்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

23 டிசம்பர், செவ்வாய்

காய்ச்சல் நேற்றே விட்டுவிட்டது. இன்று கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாள், நல்ல கூட்டம். முதுகுவலிக்கு நாத்தனார் கொடுத்த களிம்பையும் எடுத்துப் போயிருந்தேன். அதிலும் டைக்ளோஃபெனாக். தோல் வழியாகவும் கொஞ்சம் உடம்புக்குள் போகும், வேண்டாம் என்றார் மருத்துவர்.

பக்கத்தில் இருந்த பெண் நான் சொன்னதைக் கேட்டுப் பயந்துவிட்டாள். அவளுக்குத் தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதியிருக்கிறார்கள், அதுவும் அதே குடும்பம்தான். அதை இன்றே நிறுத்திவிடுகிறேன் என்றாள். நான் பதறிப்போய் அவளைச் செவிலியரிடம் அழைத்துப் போனேன். ரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்க மருத்துவரே அளந்து கொடுப்பது அது, தானாக நிறுத்தக் கூடாது என்று செவிலியர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவள் தன் அட்டையில் எழுதியிருந்ததை மறுபடி ஒருமுறை படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

ஃப்ளூ தடுப்பூசி பற்றிக் கேட்டேன். கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளலாம், இருமலும் நிற்கட்டும் என்றார் மருத்துவர். அடுத்த பரிசோதனையில் கேட்கவேண்டும்.