நெத்து

"அதையும் பிடுங்கிட்டா சித்திரையில ஆட்டுக்கு என்னத்தப் போட, தம்பி?"

அப்பத்தா கேட்டது இவ்வளவுதான். முந்தானை நிறைய சீமைக்கருவேல நெத்து. பெருவிரலில் முள் தைத்துக் கறுத்துப்போன தழும்பு. ஊரணிக் கரையின் சீமைக்கருவேலத்தைப் பிடுங்க வந்த ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை ஏறிக்கொண்டிருந்தது.

"எல்லாருக்கும் ஒண்ணுதான் அப்பத்தா. உங்களுக்குன்னு மாத்த முடியாது" என்றேன்.

22 வருஷம் வங்கி மேஜையில் உட்கார்ந்து நான் சொல்லிவந்த வார்த்தை அது. நகையைத் திருப்பத் தவணை கேட்டு வந்தவர்களிடமெல்லாம் சொன்னது. அதைச் சொல்லமாட்டாமல்தான் 47 வயதில் வேலையை விட்டுவிட்டு ஊரணி, மரம் என்று ஊருக்கு வந்தேன்.

செய்தது தப்பென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். செம்புறாங்கல் படிகளின் இடுக்கெல்லாம் வேர் ஏறியிருந்தது. வரத்துக்கால் தூர்ந்து, ஐப்பசி மழை ரோட்டில் ஓடியது. அந்த மரத்தை வெட்டினால் கட்டையிலிருந்து தழைத்துவிடும், வேரோடு எடுக்க வேண்டும். ஆடு நெத்தைத் தின்று புழுக்கை போட்ட இடத்திலெல்லாம் முளைக்கும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அகற்றச் சொன்னதை ஊர்க்கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். அதே வருஷம் சென்னையில் அதற்கு இடைக்காலத் தடை வந்ததைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?

மேலக்கரையில் நாலு மரத்தையாவது விட்டிருக்கலாம். விட்டிருந்தால் இரண்டே வருஷத்தில் நாலு நாற்பதாகியிருக்கும். இரண்டும் உண்மையாகத்தான் படுகிறது. ராத்திரி படுத்தால் முதலாவது நினைப்புத்தான் பெரிதாக இருக்கிறது.

கார்த்திகையில் தண்ணீர் மூன்றாம் படிவரை ஏறியது. பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அப்பத்தாவும் குடத்தோடு வந்தார். "தண்ணி இனிப்பா இருக்கு தம்பி" என்றார். எட்டு ஆட்டில் ஆறை விற்றுவிட்டார் என்பதை வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் சொல்லவில்லை.

கரையைச் சுற்றி வேம்பும் மருதமும் வைத்திருக்கிறேன். ஆடு கடிக்காமலிருக்க ஒவ்வொன்றையும் சுற்றி முள் கட்டியிருக்கிறது. அது பிடுங்கிப் போட்ட சீமைக்கருவேல முள்தான்.

போன வாரம் வேம்பு பக்கத்தில் நின்றிருந்தார்.

"ரெண்டு கொப்பு ஒடிச்சுக்கிரட்டுமா தம்பி? ரெண்டு ஆடுதான் கெடக்கு."

கன்று இன்னும் என் தோளுயரம்கூட வரவில்லை.

"ஒரு வருஷம் பொறுங்க அப்பத்தா."

"சரி தம்பி" என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினார். முன்பு வங்கிக்கு வந்தவர்களும் அப்படித்தான், "சரி சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள்.