நெகிஷியில் ஷிகியின் வீடு: ஆறடிப் படுக்கையில் நடந்த பத்திரிகை வேலை

டோக்கியோவின் யமனோதே ரயில் தடத்தில் உவெனோவுக்கு அடுத்த நிலையம் உகுயிசுதானி. வடக்கு வாசலில் இறங்கினால், ஜப்பானியக் கவிஞர் மசாவோகா ஷிகி வாழ்ந்த ஷிகி-அன் வீடு ஐந்து நிமிட நடைதான். வழியெல்லாம் மணிக்கணக்கில் அறை விடும் ஹோட்டல்கள். இந்தத் தெருவிலா ஓர் இலக்கியவாதியின் வீடு என்று சந்தேகம் வரும். தெரு சரிதான், தொடர்ந்து நடங்கள். கோடையிலும் ஆண்டு இறுதியிலும் வீட்டை நீண்ட நாட்கள் பூட்டிவிடுவார்கள், மதியச் சாப்பாட்டு நேரத்திலும் மூடுவதுண்டு. அதனால் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முதலிலேயே பார்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது. செப்டம்பரில் போக முடிந்தால் அதுவே சரியான பருவம், காரணம் தோட்டத்தில் இருக்கிறது.

மசாவோகா ஷிகியை நம்மில் பெரும்பாலோருக்கு ஹைக்கூ கவிஞராகத்தான் தெரியும். ஆனால் அவர் சம்பளம் வாங்கியது பத்திரிகை வேலைக்கு. 1867இல் மட்சுயாமாவில் பிறந்தவர், பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1892இல் 'நிப்போன்' நாளிதழில் சேர்ந்தார். அதன் தலைவர் குகா கட்சுனான் இந்த நெகிஷிப் பகுதியில்தான் குடியிருந்தார். ஷிகியும் அவரை ஒட்டியே வீடு பார்த்துக்கொண்டார். 1894 பிப்ரவரியில் இந்த வீட்டுக்கு வந்த கையோடு 'ஷோ-நிப்போன்' என்ற துணை நாளிதழின் ஆசிரியர் பொறுப்பும் வந்தது. அது ஜூலையிலேயே நின்றுபோனது. ஆனால் அதற்குப் படம் வரைய வந்த நகமுரா ஃபுசெட்சு மூலம், கண்ணெதிரே உள்ளதை உள்ளபடி தீட்டும் மேற்கத்திய ஓவிய முறை ஷிகிக்குப் பழக்கமானது. பின்னாளில் ஷிகி கவிதையிலும் உரைநடையிலும் வற்புறுத்திய 'ஷசெய்', அதாவது பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் முறை, அங்கிருந்து கிளைத்ததுதான். ஃபுசெட்சு நிறுவிய எழுத்துக்கலை அருங்காட்சியகம் ஷிகி-அன்னுக்கு நேர் எதிரே இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

இப்போது நிற்கும் கட்டடம் அசல் அல்ல. 1945 ஏப்ரல் விமானத் தாக்குதலில் பழைய வீடு எரிந்துபோனது. அதே இடத்தில் அதே அமைப்பில் 1950இல் திரும்பக் கட்டினார்கள். தோட்டத்து மண்சுவர்க் கிடங்கு தப்பியதால் ஷிகியின் கையெழுத்துப் படிகள் பிழைத்தன.

உள்ளே ஆறு பாய் விரிக்கும் அளவுள்ள சின்ன அறைதான் அவர் படுத்திருந்த இடம். காசநோய் முதுகெலும்பைத் தின்றுவிட்டதால் கடைசி ஆண்டுகளில் பெரும்பாலும் படுக்கைதான். அங்கே இருக்கும் தாழ்ந்த எழுதுமேசையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பலகையின் ஓரத்தில் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். இடது காலை நீட்ட முடியாமல் முழங்கால் மடங்கியே நின்றுவிட்டது. அந்த முழங்கால் உள்ளே நுழைவதற்கான வெட்டு அது. அவர் எழுத்தை நோயாளியின் புலம்பல் என்று சொல்பவர்கள் இந்த மேசையைப் பார்க்க வேண்டும். உட்கார முடிந்தவரை வேலை செய்யத் தன் கருவியைத் திருத்திக்கொண்ட ஒரு தொழில்காரர் அதில் தெரிவார்.

நின்றபடி தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பாயில் உட்கார்ந்து, தலையை முடிந்தவரை தாழ்த்திக் கண்ணாடிக் கதவு வழியாகப் பாருங்கள். முன்பு அங்கே காகிதம் ஒட்டிய கதவு இருந்தது. குளிர்காலத்தில் சாத்தினால் தோட்டம் மறைந்துவிடும். 1899 டிசம்பரில் சீடர் தகஹாமா கியோஷி கண்ணாடி போட்டுக் கொடுத்தார். அந்நாளில் கண்ணாடி விலையுயர்ந்த பொருள். தோட்டம் இருபது ட்சுபோ என்று ஷிகியே எழுதியிருக்கிறார். நம் கணக்கில் ஒன்றரை சென்ட்டுக்குச் சற்று மேல். எழுத்தாளர் மோரி ஓகாய் இதற்குப் பூவிதைகள் அனுப்பினார். 'பதினாலு பதினைந்து சேவற்கொண்டைப் பூக்கள் இருக்கும்' என்ற பொருளில் 1900இல் ஷிகி எழுதிய ஹைக்கூவைப் பற்றி இன்றும் சண்டை ஓயவில்லை. இதில் என்ன கவிதை என்று கேட்பவர்கள் உண்டு. கியோஷியே தான் தொகுத்த ஷிகி கவிதைத் திரட்டில் அதைச் சேர்க்கவில்லை. பாயிலிருந்து பார்த்தால், எண்ணி முடிக்காமல் 'இருக்கும்' என்று விட்டது எவ்வளவு நேர்மையான சொல் என்று புரிகிறது. படுத்திருப்பவர் கண்ணுக்கு முன்னால் நிற்கும் பூக்கள் பின்னால் உள்ளவற்றை மறைக்கும்.

படுக்கையிலிருந்தே ஷிகி நாளிதழுக்கு எழுதிய கட்டுரைத் தொடர்களுக்கு வருவோம். 'போகுஜூ இத்தெகி' 1901இல் 'நிப்போன்' இதழில் 164 தவணைகள் வந்தது. 'ப்யோஷோ ரொகுஷாகு' 1902 மே 5இல் தொடங்கி செப்டம்பர் 17 வரை 127 தவணை. ஆறு ஷாகு நீளப் படுக்கை, அதாவது சுமார் 182 சென்டிமீட்டர், அதுதான் தன் உலகம், அதுவும் தனக்கு அதிகப்படி என்றுதான் அது தொடங்குகிறது. ஓய்வு கொடுக்கலாம் என்று நல்லெண்ணத்தில் பத்திரிகையில் ஒருநாள் பத்தியை நிறுத்திவைத்தார்கள். இன்றைக்குத் தன் உயிர் அந்தப் பத்தியில்தான் இருக்கிறது என்று ஷிகி மன்றாடிக் கடிதம் எழுதினார். தினமும் முகவரி எழுதச் சிரமமாக இருந்ததால் அச்சடித்த உறைகள் கேட்டார், 300 வந்தன. நூறாவது தவணையில் மீதி இருநூறைக் கணக்குப் போட்டு, அவை தீரும்போது வரும் பிளம் பூவைத் தான் பார்ப்போமா என்று கேட்கிறார். இருபத்தேழுதான் பயன்பட்டது. இதோடு, அச்சுக்கென எழுதாத 'கியோகா மன்ரோகு' நாட்குறிப்பையும் படித்துவிட்டுப் போனால் நல்லது. சாப்பிட்டது, கட்டு மாற்றியது, தங்கை ரிட்சு மேல் வந்த கோபம் எல்லாம் அதில் உண்டு. எதை அச்சுக்கு விட்டார், எதை விடவில்லை என்று ஒப்பிட்டால் அவருக்குள் இருந்த ஆசிரியர் பிடிபடுவார்.

செப்டம்பர் என்று சொன்னதற்குக் காரணம், ஜன்னல் எதிரே பந்தலில் தொங்கும் ஹெச்சிமா. உடம்பு தேய்க்க நார் எடுப்போமே, அந்த வழுவழுப்பான பீர்க்கு. கொடியின் நீர் சளியை இளக்கும் என்ற நம்பிக்கையில் வளர்த்தார்கள். கொடி பச்சையாக இருக்கும்போதே தரையிலிருந்து முழ உயரத்தில் தண்டை வெட்டி, வேர்ப்பக்க முனையை வளைத்துப் பாட்டிலுக்குள் விட்டு, மழையும் பூச்சியும் புகாமல் வாயை மூடிவைத்தால் வேர் உறிஞ்சும் நீர் சொட்டும். தண்டு காய்ந்தபின் வெட்டினால் ஒன்றும் வராது. இலையுதிர்காலப் பௌர்ணமி இரவில் எடுப்பது வழக்கம். 1902இல் அது செப்டம்பர் 16. அன்று எடுக்கவில்லை. 18ஆம் தேதி காலை, பலகையில் ஒட்டிய தாளைப் பிடித்துக்கொள்ளச் செய்து, மல்லாந்தபடியே தூரிகையால் மூன்று ஹைக்கூ எழுதினார். மூன்றிலும் பீர்க்கு வருகிறது. ஒன்று, முந்தாநாள் நீரை எடுக்காமல் விட்டதைச் சொல்கிறது. நள்ளிரவு தாண்டி 19ஆம் தேதி இறந்தார், வயது 34.

உகுயிசுதானியிலிருந்து அதே தடத்தில் மூன்றாவது நிலையம் தபாதா. அங்கிருந்து சுமார் பத்து நிமிட நடையில் தாய்ரியூ-ஜி கோயில், அவர் கல்லறை அங்கேதான். 1898இலேயே தனக்குத் தானே எழுதிவைத்த கல்வெட்டு வாசகத்தைத் தேடிப் படியுங்கள். பெயர்கள், ஊர், பெற்றோர், 'நிப்போன்' ஊழியர் என்ற விவரம், இறந்த தேதிக்கு வெற்றிடம், கடைசியில் மாதச் சம்பளம் நாற்பது யென். ஹைக்கூவைப் புதுப்பித்தவர் என்று ஒரு வார்த்தை கிடையாது.

மட்சுயாமாவுக்கும் போகிறவர்கள் டோகோ பூங்காவில் 1981இல் திறந்த ஷிகி நினைவு அருங்காட்சியகத்துக்கு அரைநாள் ஒதுக்குங்கள். 1895இல் நாவலாசிரியர் நட்சுமே சோசெகியோடு ஷிகி 52 நாள் தங்கிய குதபுட்சு-அன் வீட்டின் கீழ்த்தளத்தை உள்ளேயே மாதிரியாகக் கட்டியிருக்கிறார்கள். பழைய வழிகாட்டி நூல்கள் பன்சுயிசோ மாளிகைக்குப் பின்னால் இருந்த மாதிரி வீட்டைக் காட்டும். அது 2010 ஜூலை மண்சரிவில் நொறுங்கிவிட்டது.