உப்புத் தெருவில் ஓடிய கார்

ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குள்ளேயே வேலை கிடைத்தால் கார் இல்லாமல் சமாளிக்கலாம். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு வேலை கிடைப்பது பெரும்பாலும் மார்க்கம், பிக்கறிங், ஏஜக்ஸ் பக்கத்து வெயார்ஹவுஸ்களில்தான். விடியற்காலை ஐந்து மணி ஷிஃப்ருக்கு அங்கே பஸ்ஸில் போய்ச் சேருவது பெரும்பாடு. 2023 யூலையில் ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் தடம் புரண்டு, அத்தோடு அந்தப் பாதையையே மூடிவிட்ட பிறகு பஸ்ஸை நம்பியிருப்பவர்களின் பாடு இன்னும் கஷ்டமாகிவிட்டது. அதனால், வந்த முதல் பனிக்காலம் முடியும்போதே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நல்ல பழைய கார் ஒண்டு சொல்லுங்கோ அண்ணை, ரொயோட்டாவா ஹொண்டாவா?"

எந்தக் கொம்பனி என்பது கடைசியாகப் பார்க்கவேண்டிய விஷயம் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். முதலில் இன்சூரன்ஸ். அதற்கு அடுத்தது காரின் அடிப்பாகம். இந்த இரண்டையும் பார்க்காமல் பெயரையும் கிலோமீற்றரையும் மட்டும் பார்த்து வாங்கிய கார்கள், உழைத்த காசைத் தின்பதைக் கண் முன்னால் கண்டிருக்கிறேன்.

ஊரில் காரை வாங்கிவிட்டுத்தான் இன்சூரன்ஸைப் பற்றி யோசிப்போம். ஒன்ராறியோவில் அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றவேண்டும். ஜி என்ற முழு லைசன்ஸுக்கு முந்திய படியான ஜி2 லைசன்ஸோடு, ஸ்காபரோ தபால் குறியீட்டில் இருக்கும் புது ஓட்டுநர் இரண்டு வருடத்துக்குக் கட்டும் இன்சூரன்ஸ், அவர் வாங்கிய பழைய காரின் விலையைத் தாண்டிவிடுவது இங்கே சாதாரணம். ஒரே விலைக்கு விற்கிற இரண்டு கார்களுக்கு இன்சூரன்ஸ் ஒரே தொகையாக வருவதில்லை. ஹொண்டா சி.ஆர்.வி.யைப் பாருங்கள். அருமையான வண்டி. ஆனால் 2022இல் கனடாவில் மிக அதிகமாகக் களவுபோன வாகனங்களின் பட்டியலில் முதலில் நின்றதும் அதுதான். அந்தக் களவுக்கான விலையை நாங்கள் மாதாமாதம் இன்சூரன்ஸில் கட்டுகிறோம். ஆகவே கார் பிடித்துப்போனதும் விற்பவரிடம் காரின் அடையாள இலக்கமான 17 எழுத்துள்ள வின் நம்பரைக் கேட்டு வாங்கி, அட்வான்ஸ் கொடுக்க முதல் இன்சூரன்ஸ் புறோக்கருக்கு அழையுங்கள். அவர் சொல்லும் தொகையைக் கேட்டபின் அந்தக் கார் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவையே ஆகக் குறைந்த அபராதம் 5,000 டொலர். அதன் பிறகு உங்களைக் காப்புறுதி செய்ய ஒரு கொம்பனியும் லேசில் முன்வராது.

சிலர் ரொறன்ரோவுக்கு வெளியே பீற்றர்பரோவில் இருக்கும் சொந்தக்காரரின் விலாசத்தைக் கொடுத்து இன்சூரன்ஸைக் குறைக்கலாம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விபத்து ஒன்று நடந்து, கார் ஒவ்வொரு இரவும் ஸ்காபரோவில்தான் நின்றது என்று தெரியவந்தால் கட்டிய காசும் போய், இழப்பீடும் இல்லாமல் நிற்கவேண்டி வரும். நேர்மையாகக் குறைக்கவும் வழி உண்டு. ஊரில் ஓட்டிய அனுபவத்துக்கு, லைசன்ஸ் தந்த திணைக்களத்திலிருந்தோ தூதரகத்திலிருந்தோ கடிதம் எடுத்து வைத்திருந்தால், இரண்டு வருட அனுபவம் காட்டி நேரடியாக ஜி பரீட்சைக்குப் போகலாம். ஜி கையில் வந்தால் இன்சூரன்ஸ் இறங்கும். பனிக்கால ரயர் போட்டால் கழிவு தரவேண்டும் என்பது 2016 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் சட்டம். அதையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, இனி உப்பு.

டிசம்பர் தொடங்கி மார்ச் வரை, சில வருடங்களில் ஏப்ரலிலும், இங்கே தெருவெல்லாம் உப்புக் கொட்டுவார்கள். உப்புத் தண்ணீர் பூச்சியம் பாகையில் உறையாது, அதனால் ஐஸ் இளகிவிடும். உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தண்ணீர் முழுவதும் காருக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. பருத்தித்துறைக் கடற்கரை வீடுகளின் ஜன்னல் கம்பிகளைப் பார்த்தவர்களுக்கு நான் இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு: கடும் குளிரில் துரு மெதுவாகத்தான் ஏறும், சூட்டில்தான் வேகமாக ஏறும். உப்புச் சேறோடு வந்து, தொடர்மாடியின் சூடான நிலக்கீழ்ப் பார்க்கிங்கில் இரவு முழுக்க நிற்கும் கார், வெளியே பனியில் நிற்கும் காரைவிடச் சீக்கிரமாகத் துருப்பிடிக்கும். "எப்பவும் உள்ளுக்குத்தான் விட்டனான்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் அடியை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

என் கார் வாங்கும்போது ஒரே கிழமையில் இரண்டு கார்களை எங்கள் மெக்கானிக் அண்ணையிடம் கொண்டுபோனேன். முதலாவது வெள்ளி நிறக் கொரோலா, 2012 மொடல், ஓட்டம் ஒரு லட்சம் கிலோமீற்றருக்கும் குறைவு. பெயின்ற் பளபளக்கிறது, உள்ளே சீற்றில் ஒரு கறை இல்லை. நான் ஏற்கெனவே மனதுக்குள் வாங்கிவிட்டேன். அண்ணை பொனற்றைத் திறக்கவே இல்லை. காரைத் தூக்கியில் ஏற்றிவிட்டு, "தம்பி, மேலை நிண்டு பாத்தது காணும், கீழை வாரும்" என்றார். பின் சில்லுக்கு முன்னால், கதவுக்கு அடியில் ஓடும் தகட்டை ஸ்குறூ டிரைவரின் பிடியால் தட்டினார். டங் என்று கேட்கவேண்டிய இடத்தில் சொத் என்று கேட்டது. இரண்டாம் தட்டில் பழுப்பு நிறச் செதில்கள் என் சப்பாத்தில் விழுந்தன. பிறகு பிறேக் குழாயைக் காட்டினார். பென்சிலைவிட மெல்லிய குழாய், முழுக்கப் பொருக்குத் தட்டி, ஒரு இடத்தில் ஈரம் கசிந்திருந்தது. "இது 401 ஹைவேயில போகேக்க வெடிச்சா என்ன செய்வீர்?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது ரொயோட்டா மேற்றிக்ஸ், 2010 மொடல், இரண்டு லட்சம் கிலோமீற்றரைத் தாண்டியது. பம்பரில் கீறல், டாஷ்போட்டில் வெடிப்பு. அதைத் தூக்கினால் அடி முழுக்கக் கறுப்பாக எண்ணெய் பிசுபிசுத்தது. அண்ணை துணியால் ஒரு இடத்தைத் துடைத்தார். கீழே இரும்பு புதிதுபோல இருந்தது. ஒவ்வொரு இலையுதிர் காலமும் துருத்தடுப்பு ஒயில் ஸ்பிறே அடித்த கார் அது. வைத்திருந்தவர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒவ்வொரு பில்லையும் உறையில் போட்டு வைத்திருந்தார். அதைத்தான் வாங்கினேன், இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கூடக் கிலோமீற்றர் ஓடிய எஞ்சினைப் பராமரித்துக் காப்பாற்றலாம். உக்கிப்போன அடித்தளத்தை யாராலும் காப்பாற்ற முடியாது.

எல்லாத் துருவும் ஆபத்தில்லை. சைலன்சர் குழாயில் மேலோட்டமாகப் பழுப்பு ஏறியிருப்பது பத்து வயதுக் காருக்கு இயல்பு. பார்க்கவேண்டியவை கதவடித் தகடு, எஞ்சினைத் தாங்கும் சட்டம், பிறேக் குழாய், பெற்றோல் குழாய், பின் சில்லு வளைவு. வளைவில் பெயின்ற் கொப்புளித்திருந்தால் உள்ளே ஏற்கெனவே ஓட்டை விழுந்திருக்கக்கூடும். அடி முழுவதும் புதிதாக, காய்ந்த கறுப்புத் தார் போலப் பூசியிருந்தால் அது மூடிமறைக்கும் வேலையாகவே பெரும்பாலும் இருக்கும். நம்பிக்கையான மெக்கானிக்குக்கு நூறு, நூற்றைம்பது டொலர் கொடுத்துத் தூக்கியில் ஏற்றிப் பாருங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

இங்கே "ஸேஃப்டி" என்று எல்லோரும் சொல்லும் பத்திரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். "ஸேஃப்டியோட தாறன்" என்றால் கார் நல்லது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பத்திரம் பார்த்த அன்று பிறேக், ரயர், லைற், ஸ்ரியறிங் போன்றவை சட்டம் கேட்கும் ஆகக் குறைந்த தரத்தில் இருந்தன என்று மட்டும்தான் சொல்கிறது. 36 நாள்தான் செல்லும். எஞ்சின் எத்தனை நாள் உழைக்கும், கியர் பெட்டி சறுக்குகிறதா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

தனியாரிடம் வாங்கினால் யூ.வி.ஐ.பி. என்ற ஆவணக் கட்டை விற்பவர் தந்தே ஆகவேண்டும். சேர்விஸ் ஒன்ராறியோ என்ற அரச அலுவலகத்தில் அதன் விலை 20 டொலர். ஒன்ராறியோவில் அந்தக் கார் எத்தனை பேர் கைமாறியது, அதன் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வரும். கடன் பாக்கியோடு காரை வாங்கினால், விற்றவர் கட்டாத கடனுக்காக உங்கள் வாசலில் இருந்து காரைத் தூக்கிக்கொண்டு போகலாம். காரின் விபத்து வரலாற்றைக் காட்டும் கார்ஃபாக்ஸ் அறிக்கையும் எடுங்கள். ஆனால் இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் கைக்காசில் திருத்திய விபத்து அதில் தெரியாது என்பதை மறக்கவேண்டாம். விலையைப் பில்லில் குறைத்து எழுதினால் வரி குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 13 சதவீத வரியை, நீங்கள் கொடுத்த விலை, மொத்த வியாபாரத்தில் அந்தக் காருக்கு உள்ள சராசரி விலை இரண்டில் எது கூடவோ அதன்மேல்தான் எடுப்பார்கள். உறவுக்குள் அன்பளிப்பாகக் கொடுத்தால் வரி இல்லை, ஆனால் பெற்றோர், பிள்ளைகள், கணவன் மனைவி, கூடப்பிறந்தவர்கள் போன்ற நெருங்கிய உறவுகளுக்குத்தான் அது. சித்தப்பா, பெரியப்பா என்று எங்களுக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் சட்டத்தின் பட்டியலில் அவர்கள் இல்லை.

லைசன்ஸ் இல்லாமல் கார் வியாபாரம் செய்துகொண்டு, "என்ரை சொந்தக் கார்" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: தொலைபேசியில் கார் எது என்று சொல்லாமல், "விளம்பரத்தில போட்ட கார் இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். "எந்தக் கார்?" என்று திருப்பிக் கேட்டால் அவரிடம் பல கார்கள் விற்பனைக்கு இருக்கின்றன என்று அர்த்தம். உரிமைப் பத்திரத்தில் உள்ள பெயரும் அவருடைய அடையாள அட்டையும் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

டீலரிடம் வாங்கினால் அவர் ஒன்ராறியோவில் கார் டீலர்களைக் கண்காணிக்கும் ஓம்விக் அமைப்பில் பதிந்தவரா என்று பார்க்கவேண்டும். பதிந்த டீலர் விளம்பரத்தில் போடும் விலைக்குள் எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரியும் லைசன்ஸ் கட்டணமும் தவிர எல்லாக் கட்டணமும் அடங்கியிருக்கவேண்டும். விபத்துத் திருத்தச் செலவு 3,000 டொலரைத் தாண்டியிருந்தாலோ, முன்பு டாக்சியாகவோ வாடகைக் காராகவோ ஓடியிருந்தாலோ எழுத்தில் சொல்லவேண்டும். ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு, மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை ஒன்ராறியோவில் இல்லை. இதை எத்தனை பேருக்குச் சொல்லியும் போதவில்லை. இன்னொன்று, "இரண்டு கிழமைக்கு இவ்வளவுதான்" என்று சொல்லும் தவணைக் கணக்கு. கிரெடிற் வரலாறு இல்லாத புதியவருக்கு வட்டி மிகவும் கூடுதலாகப் போடுவார்கள். தவணையைப் பார்க்காமல் கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று கூட்டிப் பாருங்கள். என் கணிப்பில், முதல் காரைக் கையில் இருக்கும் காசுக்குள், தேவைப்பட்டால் சீட்டுக் காசு எடுத்து, கடன் இல்லாமல் வாங்குவதே நிம்மதி.

இத்தனைக்கும் பிறகுதான் மொடல். கொரோலா, மேற்றிக்ஸ் இரண்டுக்கும் பாகம் மலிவு, எந்தக் கராஜிலும் திருத்துவார்கள். மேற்றிக்ஸின் கூடப்பிறந்த வண்டிதான் பொன்ரியாக் வைப். உள்ளே எஞ்சின் ரொயோட்டாதான், பொன்ரியாக் என்ற பெயர் 2010இல் மூடப்பட்டுவிட்டதால் விலை குறைவாகக் கிடைக்கும். இரண்டிலும் 1.8 லீற்றர் எஞ்சினைத் தேடுங்கள், 2.4 ஒயில் குடிக்கும் என்ற முறைப்பாடு பழையது. ஹொண்டா சிவிக் என்றால் 2006 முதல் 2008 வரையானவற்றிலும் 2009 மொடலில் முதலில் செய்த சிலவற்றிலும் எஞ்சின் கட்டை வெடிக்கும் குறை இருந்தது, அதற்குப் பிந்தியவை நல்லவை. மஸ்டா 3 ஓட்ட இன்பம், ஆனால் முதல் தலைமுறைக் கார்களைத் துரு தின்றுவிடும். 2012 முதல் 2016 வரையான ஃபோர்ட் ஃபோக்கஸ் ஓட்டோமற்றிக்கையும், அந்தக் காலத்து நிசான் சி.வி.ரி. கியர் பெட்டிகளையும் விலை எவ்வளவு குறைந்தாலும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கவேண்டும். பொனற்றில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்ராட் செய்யும்போது வரும் சத்தத்தை மறைக்க முதலே ஓடவிட்டிருக்கலாம். ரயரின் பக்கத்தில் டி.ஓ.ரி. என்று தொடங்கும் இலக்கத்தின் கடைசி நான்கு எண்களில் 3519 என்று இருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 35ஆம் கிழமை செய்தது. நாலு நல்ல பனிக்கால ரயரோடு வரும் காருக்குச் சில நூறு டொலர் கூடக் கொடுக்கலாம்.

வாங்கிய ஆறு நாளுக்குள் பெயர் மாற்றவேண்டும். நம்பர் பிளேற் விற்பவருடையது, அவர் கழற்றிக்கொண்டு போவார், உங்களுக்குப் புதிது எடுக்கவேண்டும். அந்த வருட ஒக்டோபருக்குள் ஒயில் ஸ்பிறே அடித்துவிடுங்கள். அதன் பில்லையும் ஒயில் மாற்றிய பில்லையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள், விற்கும் நாளில் அந்த உறைக்கு நல்ல மதிப்பு இருக்கும்.