போன் அடித்தால் யார் எடுப்பது?

ஜப்பானில் ஹிகாஷி ஒசாகா சிறு பட்டறைகளின் ஊர். கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் வேலை பார்த்தவனுக்கு அந்தச் சத்தம் புதிதல்ல. லேத்தும் மில்லிங்கும் கைவந்த வேலைகள், பேச்சுதான் வரவில்லை. முப்பது வயதுக்கு மேல், ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 என்ற தொடக்க நிலைச் சான்றிதழோடு போய் இறங்கினேன். அந்தத் தேர்வில் பேச்சுக்கென்று ஒரு பகுதியே கிடையாது. சரியான விடையைக் கருப்பாக்கத் தெரிந்தால் போதும்.

இலக்கணம் நமக்குப் பெரிய தொல்லை தராது. வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். கொரே, சொரே, அரே என்பதை இது, உது, அது என்று வைத்துக்கொள்ளலாம். ('உது' யாழ்ப்பாணத்தில் இன்றும் புழங்குகிறது, தொலைத்தது நாம்தான்.)

ஊர் சுற்று, நண்பர்களைப் பிடி, மொழி தானாக வரும் என்பார்கள். எனக்கு வாய் திறந்தது சலிப்பூட்டும் தினசரி வேலைகளில். காலையில் வானொலி உடற்பயிற்சி முடிந்ததும் 'சோரெய்' என்று நின்றபடியே ஒரு கூட்டம். முறை வைத்து ஒருவர் பாதுகாப்பு விதியை உரக்க வாசிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு மெஷினுக்குப் போனால் சக் (வேலைத்துண்டைப் பிடிக்கும் பாகம்) இறுகியதா, கதவு மூடியதா என்று ஒவ்வொன்றையும் விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்லி, 'யோஷி!' (சரி!) என்று முடிக்க வேண்டும். ரயில்வேயில் பிறந்த பழக்கம் இது. பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் சொல்லியாக வேண்டும். உச்சரிப்பு சறுக்கினால் மெஷின் சிரிக்காது. கூச்சம் அங்கேதான் கழன்றது.

எண்ணிக்கை தனிக் கதை. பொருளின் வடிவத்துக்கு ஏற்ப ஒன்று, இரண்டு, மூன்றே மாறும். போல்ட்டை இப்போன், நிஹோன், சம்போன் என்று எண்ண வேண்டும். தகடு என்றால் இச்சிமாய், நிமாய். பட்டியலாகப் படித்தபோது ஏறாதது, சரக்குப் பெட்டி சரிபார்க்கும் வேலை தலையில் விழுந்ததும் ஏறிவிட்டது. தேதி இன்னும் மோசம். நாலாம் தேதி யொக்கா, எட்டாம் தேதி யோக்கா. டெலிவரி நாள் பேசும்போது போர்மேன் காலண்டரில் விரல் வைத்தே உறுதி செய்வார். பிறந்ததிலிருந்து பேசுகிற அவருக்கே அந்த எச்சரிக்கை.

போனுக்குத்தான் கடைசிவரை பயந்தேன். வாடிக்கையாளர் கூப்பிட்டு முதலாளியைக் கேட்டால், வெளியாளிடம் நம் முதலாளியை உயர்த்திப் பேசக்கூடாது. பெயருக்குப் பின் வரும் மரியாதைச் சொல்லான 'சான்' சேர்க்காமல் வெறும் குடும்பப் பெயர், அதோடு பணிவான வினை. 'சார் இப்பத்தானுங்க வெளிய போனாருங்க' என்று பழகிய கொங்கு நாக்குக்கு அது தொண்டையிலேயே நின்றது. ஒருநாள் முதலாளி எதிரிலேயே இருந்தார். வேறொரு போனில் பேசிக்கொண்டிருந்தவரை மொட்டையாகப் பெயர் சொல்லி, 'வேறு அழைப்பில் இருக்கிறார்' என்றேன். அவர் பேச்சை நிறுத்தாமலே தலையாட்டினார்.

கணக்குப் பார்க்கும் அம்மாள் ஒரு சீட்டை போன் பக்கத்தில் ஒட்டியிருந்தார். 'மோஷி மோஷி' (ஹலோ) வேண்டாம், கம்பெனிப் பெயரில் தொடங்கு. யார், எந்த ஊர், எந்த எண், திரும்பக் கூப்பிடணுமா. அவ்வளவுதான் அதில். என்னை எடுக்கவிட்டு, தான் எழுந்து வராமல் உட்கார்ந்திருந்தாரே, அதற்குத்தான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது வியட்நாமிலிருந்து ஒரு தம்பி சேர்ந்திருக்கிறான். என்2 முடித்தவன், நான் வந்தபோது இருந்ததைவிட இரண்டு படி மேலே. போன் அடித்தால் மட்டும் என் முகத்தைப் பார்க்கிறான். நான் லேத்தை விட்டு நகர்வதில்லை.