கோட்டுக்கு மேலே

ஜூன் 30

அப்பாவுக்கு பயாப்ஸி எடுத்துவிட்டார்கள். இடது கன்னத்தின் உட்பக்கம், ஒரு துவரம்பருப்பளவு சதை. வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டது டீ. சூடாகக் கூடாது என்றேன். ஆறவெச்சுக் குடிச்சா அது டீயா என்றார்.

ஜூலை 1

அந்தத் துணுக்கு நான் திசு வெட்டும் எங்கள் லேபுக்கு வரவில்லை. வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. அதனால் நேரத்தை மட்டும் மனதில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி முழுக்க ஃபார்மலின். இன்று ஆல்கஹாலில் நீர் எடுத்து, சைலீனில் போட்டு, மெழுகு ஏற்றுவார்கள். நாளை பிளாக் என்கிற மெழுகுக் கட்டி, அதைச் சீவும் மைக்ரோடோம், நாலு மைக்ரான் தடிமனில் சீவல்.

பயம் வெட்டுவதில் இல்லை, மெழுகில் வைப்பதில். வாயின் உட்தோலைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்க வேண்டும். அப்போதுதான் மேலே எபிதீலியத் திசு, கீழே இணைப்புத் திசு என்று அடுக்கு தெரியும். சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் வெட்டு குறுக்கே போகும். மேலே இருக்க வேண்டிய செல்கள் கீழே தீவு தீவாகக் கிடப்பதுபோல் தெரியும். இல்லாததை இருப்பதாகவும் எழுதிவிடலாம். வைத்தவர் யார்? புதுசாகச் சேர்ந்த பெண்ணா? ஷிஃப்ட் முடிகிற அவசரமா? யாரிடம் போய் இதைக் கேட்பது.

ஜூலை 2

மழை. தொண்ணூறடி ரோட்டில் கணுக்கால் வரை தண்ணீர். போன் இல்லை.

ஜூலை 3

சின்னவனுக்குத் திங்கட்கிழமை அறிவியல் டெஸ்ட். விலங்குத் திசுக்கள். இந்தப் பாடம் இப்போதுதான் வர வேண்டுமா!

நாலு வகையையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தான்: எபிதீலியம் மூடும், இணைப்புத் திசு தாங்கும், தசை அசைக்கும், நரம்பு சேதி சொல்லும். ரத்தம் எதில் வரும் என்றேன். முழித்தான். இணைப்புத் திசு என்றதும் நம்பவில்லை. எலும்பும் ரத்தமும் ஒரே இனமா? ஆமாம். செல்கள் நெருக்கியடிக்காமல் ஏதோ ஒன்றுக்குள் சிதறிக் கிடந்தால் இணைப்புத் திசு. எலும்பில் அந்த ஒன்று கால்சியம் ஏறிக் கெட்டியாக இருக்கிறது, ரத்தத்தில் பிளாஸ்மாவாக ஓடுகிறது. எபிதீலியத்தில் அப்படி இடமே விடாது, செல்லோடு செல் ஒட்டி நிற்கும்.

அப்பா கட்டிலிலிருந்து, "அப்ப தோலு எதுலடா வரும்?" என்றார்.

ரெண்டிலும், தாத்தா என்றான். மேலே எபிதீலியம், அடியில் இணைப்புத் திசு. அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டால் முடியும் மேல்தோலும் கழன்று வரும், அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் கறியையும் கொழுப்பையும் கத்தியால் வழிப்போம், நடுவில் நிற்பதுதான் தோல் என்றார். அப்புறம் ஆவாரம்பட்டை, கடுக்காய். ஊரில் பழகிய வேலை, தாராவிக்கு வந்தும் அதுவே. காலில் போடுகிற செருப்பு முழுக்க இணைப்புத் திசு, கொலாஜன் நார்தான் என்று நான் முடித்தேன். அவருக்கு அந்தப் பெயர் வேண்டாம். "நடுத்தோலு" போதும்.

பேசும்போது வாய் கோணிக்கொள்கிறது. தையல் இழுக்கிறது போல.

ஜூலை 4

இன்றும் இல்லை.

ஜூலை 5

கோபம். காலையில் தலையணைக்கு அடியில் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தேன். புகையிலை, பக்கத்தில் சுண்ணாம்பு டப்பி. கசக்கி இடது கன்னத்தில்தான் அடக்குவார். தொட்டியில் சுண்ணாம்பு மேல்தோலை என்ன செய்யும் என்று பேரனுக்குப் பாடம் நடத்துகிறவர்! கத்திவிட்டேன். பதில் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எபிதீலியத்துக்குள் ரத்தக்குழாய் கிடையாது. சாப்பாடு, ஆக்சிஜன் எல்லாம் கீழேயிருந்து அடித்தளச் சவ்வு வழியாகக் கசிந்து வர வேண்டும். உருமாறிய செல்கள் அந்தச் சவ்வுக்கு மேலேயே நிற்கும்வரை ஊர் சுற்ற வழியில்லை. சவ்வைத் தாண்டினால் இணைப்புத் திசு, அங்கே ரத்தக்குழாய், நிணநீர்க்குழாய், கழுத்துவரை பாதை. மேலே என்றால் ஒரு பெயர் எழுதுவார்கள், கீழே என்றால் வேறு. நாங்கள் போடும் சாதாரணச் சாயத்தில் அந்தச் சவ்வு ஒரு கோடாகக்கூடத் தெளிவாகத் தெரியாது. இருக்கும் இடத்தை வைத்துத்தான் சொல்வார்கள்.

ஜூலை 6

ஞாயிறு. அப்பா மூணு விரலை நிமிர்த்தி வாய்க்குள் நுழைத்துக் காட்டினார். வாய் திறக்கிறது, தசை இறுகவில்லை. டாக்டர் சொல்லிக்கொடுத்த வித்தை. அதே வாயால் ரெண்டு உளுந்துவடை. சட்னி எரியுது என்றார். எரிந்தால் நரம்பு நன்றாக இருக்கிறது என்றேன், திட்டினார். புண் ஆறிக்கொண்டு வருகிறது. வாய்க்குள் வெளித்தோலைவிடச் சீக்கிரம் ஆறிவிடும்.

எல்லாத் திசுவுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. இதயத் தசை செத்தால் அந்த இடத்தில் தசை முளைக்காது, தழும்புதான். அம்மாவின் எக்கோ ரிப்போர்ட்டை எங்கே வைத்தேன்?

ஜூலை 7

பிளாக் வெட்டிக்கொண்டிருக்கும்போது தோன்றியது. ஃபார்மலின் செய்வதும் பதனிடுகிற வேலைதான். புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து அழுகாமல் நிறுத்துகிறது. தோல் பதனிடவும் ஃபார்மால்டிஹைடு உண்டு. நியூக்ளியஸை நீலமாக்கும் ஹெமடாக்சிலினும் மரத்திலிருந்து வருவதுதான், மத்திய அமெரிக்காவின் ஒரு மரத்தின் வைரக்கட்டையிலிருந்து. அந்தக் கட்டையால் துணிக்கும் தோலுக்கும் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். "அப்ப ஒனக்கு மட்டும் எதுக்கு ஏசி ரூமு?" என்றார்.

சனிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் என்னிடம் பழையபடி பேசுகிறார்.

ஜூலை 8

போன் வந்தது. ரிப்போர்ட் இல்லை. பிளாக்கில் இன்னும் ஆழமாக வெட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். இதை நானே எத்தனையோ பேருக்கு வெட்டிக்கொடுத்திருக்கிறேன். மேலே எடுத்த சீவலில் முடிவு சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான் அர்த்தம். சந்தேகம் அந்தச் சவ்வுக் கோட்டில்தான் என்றும் இருக்கலாம். சாய்ந்து வைத்திருந்தார்கள் என்றும் இருக்கலாம். தம்பிக்கு முதலாவதை மட்டும் சொல்லவில்லை.

ஜூலை 9

நாளை நாலு மணிக்கு வரச் சொன்னார்கள். அரை நாள் லீவு கேட்டாயிற்று. ஃபைல், ஆதார், குடை ரெண்டு. தம்பி சயான் ஸ்டேஷனில் நிற்பான். சின்னவனுக்கு இருபதுக்குப் பதினேழு, குருத்தெலும்பில் கோட்டை விட்டிருக்கிறான்.