அறிக்கையில் எழுதிய பெயர்

தோல் சுரண்டல் துகள்களில் பூஞ்சையைத் தேடுவதே எங்கள் ஆய்வகப் பிரிவின் அன்றாட வேலை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டில் இழைகள் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், துகள்களைச் சபுராட் அகார் என்னும் வளர்ப்பு ஊடகத்தில் இட்டு நான்கு வாரம் வரை பார்த்திருப்போம். சில ஆண்டுகளுக்கு முன், படர்தாமரை மாதிரிகளில் வழக்கமாக முன்னிற்கும் 'டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம்' என்னும் பூஞ்சை குறைந்து, மாவு தூவினாற்போன்ற வெண்ணிறக் காலனிகள் பெருகத் தொடங்கின. நுண்ணோக்கியில் உருண்டையான நுண்கோனிடியாக்கள் என்னும் சிறு வித்துகள் கொத்துக் கொத்தாகவும், இடையிடையே சுருள் இழைகளும் தெரியும். தயக்கமின்றி 'டிரைக்கோஃபைட்டான் மென்டாக்ரோஃபைட்டிஸ்' என்று எழுதிக் கையெழுத்திடுவேன்.

அது எலி, முயல், பூனை போன்றவற்றிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் பூஞ்சை என்றே படித்திருந்தோம். ஆகவே, 'வீட்டில் ஏதேனும் வளர்க்கிறீர்களா?' என்று கேட்பேன். தாயும் இரு மகன்களுமாக வந்த ஒரு குடும்பத்தினர் ஆடு வளர்ப்பதாகச் சொன்னதும், காரணம் கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்து, ஆட்டின் உரோமத்தையும் தோல் துகளையும் வரவழைத்து வளர்த்துப் பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. மூவரும் ஒரே துண்டால் துவட்டிக்கொள்வதையும், மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பகிர்ந்து பூசுவதையும் நான் கேட்கவேயில்லை.

2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்த பூஞ்சையைத் தனி இனமாக அறிவித்து, 'டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே' என்று பெயரிட்டனர். நோய்க்கிருமிக்கு நாட்டின் பெயரைச் சூட்டியது எனக்கு உவப்பில்லை. ஆனால் அது விலங்கை நாடாமல் மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுவது என்ற செய்தி, ஆட்டின் மேல் பழி போட்ட என்னைக் குத்தியது. அதன் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் நொதியில் 397ஆம் இடத்து ஃபீனைல்அலனின் என்னும் அமினோ அமிலம் லூசினாக மாறிவிட்டால், அந்த நொதியைத் தடுக்கும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தான டெர்பினாஃபின் மாத்திரை பெரும்பாலும் பயன் தராது.

என் பழைய கண்ணாடித் தகடுகளை எடுத்து மறுபடி பார்த்தேன். உருவத்தை மட்டும் வைத்து இவ்விரு இனங்களையும் பிரித்தறிய முடியாது, ஐ.டி.எஸ். என்னும் மரபணுப் பகுதியை வரிசைப்படுத்த வேண்டும். அந்த வசதி எங்களிடம் இல்லை. எனவே இப்போது நெருங்கிய இனங்களின் தொகுதியைக் குறிக்கும் 'மென்டாக்ரோஃபைட்டிஸ் கூட்டினம்' என்று மட்டும் எழுதி, குணமாகாதவர்களின் மாதிரிகளை வெளி ஆய்வகத்துக்கு அனுப்புகிறேன்.

சென்ற வாரம் தோல் மருத்துவர் ஒருவர் தொலைபேசியில், "மேடம், பெயர் இருக்கட்டும், டெர்பினாஃபினைத் தொடரலாமா, இட்ராகோனசோலுக்கு மாற்றலாமா?" என்று கேட்டார். இன்டோட்டினியே எல்லாமே டெர்பினாஃபினுக்கு அடங்காதவை அல்ல என்பதால், பெயர் தெரிந்தாலும் மருந்து உணர்திறன் சோதனையின்றி அதற்கு விடை சொல்ல இயலாது. முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றேன்.